விளாங்குடி மாடி வீடும் அறுபதாயிரம் ரூபாய் அட்வான்ஸும்

நாங்கள் ஐந்து ஆண்டு வாடகைக்கு இருந்துவிட்டு வந்த விளாங்குடி வீட்டுக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தந்த விதத்துக்கு ஒன்று. இரண்டையும் கூட்டிச் சராசரி போட மனம் வரவில்லை. மதுரை கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் பதினேழு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். வேறு வேறு பேரேட்டில் நிற்க வேண்டிய தொகைகளை ஒரே பக்கத்தில் ஏற்றுவது எனக்கு ஆகாது.

ஆவணி முடிந்து புரட்டாசி பிறந்தும் அந்த வீடு காலியாகத்தான் கிடக்கிறது. பார்க்கப் போனவர்களில் மூன்று பேர் எப்படியோ என் எண்ணைக் கண்டுபிடித்து, "வீடு எப்படி அக்கா, வீட்டுக்காரர் எப்படி?" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அரைமணி நேரம் பேசினேன். நாலாவதாக வருகிறவருக்காக எழுதிவைக்கிறேன். உரிமையாளரின் பெயரையும் தெருவையும் சொல்லப்போவதில்லை. கேட்டு வருகிறவர்களுக்கு வீடு தெரியும். மற்றவர்களுக்கு நடந்ததே போதும்.

முதலில் வீடு. விளாங்குடியில், கூடல்நகர் ரயில் நிலையத்துக்கு நடந்துபோகிற தூரத்தில், முதல் மாடி. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, பையன் படிக்கச் சின்னதாக ஓர் உள்ளறை, சமையலறை. காற்றுக்குக் குறைவே இல்லை. ஆனி, ஆடியில் மேற்குச் சன்னலைத் திறந்து வைத்தால் மின்விசிறியை நிறுத்திவிடலாம். போர் தண்ணீர் உப்பு. துணி துவைக்கச் சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணீர் கீழே தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், குடத்தைத் தூக்கிக்கொண்டு இருபத்திரண்டு படி ஏற வேண்டும். இரவில் திண்டுக்கல் பக்கம் போகிற ரயில்களின் சத்தம் உண்டு. பத்து நாளில் பழகிவிடும். ஆரப்பாளையத்துக்கும் பெரியார் நிலையத்துக்கும் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. 2019 ஜூனில் 7,500 ரூபாய் வாடகைக்குப் போனோம், காலி செய்யும்போது 8,500. நியாயமான வாடகை.

வீட்டுக்காரரைப் பற்றியும் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2020 ஊரடங்கில் என் கணவருக்கு மூன்று மாதம் வண்டி ஓடவில்லை. அந்த மூன்று மாதமும் வாடகை கேட்டு அவர் மாடிப்படி ஏறவில்லை. "வண்டி ஓடும்போது கொடுங்கள் தாயி" என்று சொன்னதோடு சரி. தீபாவளிக்குள் பாக்கியைத் தீர்த்தோம். அந்த மனிதரிடம் நான்கு வருடம் கழித்துப் பதிவுத் தபாலில் கடிதம் போட வேண்டி வந்ததே என்பதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை ஆகி, பக்கத்தில் ஆள் வேண்டியிருந்ததால் திருநகருக்கு மாற முடிவெடுத்தோம். அழகர் ஆற்றில் இறங்கிய மறுவாரமே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். ஆடி பிறப்பதற்குள் கிளம்பிவிடுவோம் என்றேன். ஏறக்குறைய இரண்டரை மாத அவகாசம். எங்கள் கடையில் மூட்டை இறக்குகிற அண்ணன் அப்போதே எச்சரித்தார்: "கடைசி மூன்று மாத வாடகையைக் கொடுக்காதீர்கள் அக்கா, அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெளியே போன பிறகு எந்த வீட்டுக்காரரும் முழுதாகத் தருவதில்லை." ஊரில் பாதிப் பேர் செய்வது இதுதான். எனக்குப் பிடிக்கவில்லை. மாதம் ஐந்தாம் தேதிக்குள் வாடகை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஜூலை வரைக்கும் அப்படியே கொடுத்தேன். அந்த அண்ணன் சொன்னது ஏன் ஊர் வழக்கமானது என்று பிறகு புரிந்தது. ஆனாலும் மறுபடி ஒரு வீட்டைக் காலி செய்தால் வாடகையை ஐந்தாம் தேதிக்குள்தான் கொடுப்பேன்.

2024 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. சாமான்களை ஏற்றிய வண்டி முன்னால் போய்விட்டது. வீட்டைக் கூட்டித் துடைத்து, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரரும் அவர் மைத்துனரும் வந்தார்கள். கூடத்தில் குளிர்சாதனப் பெட்டி இருந்த இடத்தில் சுவர் கறுத்துச் சதுரமாகத் தெரிந்தது. சாமிப் படங்கள் மாட்டிய ஐந்து ஆணித் துளைகளை வெள்ளைச் சிமென்ட் வைத்து அடைத்திருந்தேன். உள்ளறையில் பையன் சின்ன வயதில் கிரேயானால் கிறுக்கியது ஒரு சுவர் முழுக்க இருந்தது. அது எங்கள் பொறுப்பு என்று நானே முதலில் காட்டினேன். மைத்துனர் எதையும் பேசாமல் ஒரு சிறு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். பிறகு படுக்கையறையின் மேற்குச் சுவருக்கு வந்தோம்.

அந்தச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தரையிலிருந்து இடுப்பளவு வரை பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பி, சில இடங்களில் தானாகவே உதிர்ந்து கிடந்தது. "வீட்டை இப்படியா வைத்துக்கொள்வது? முழுக்க அடித்தாக வேண்டும்" என்றார் மைத்துனர். நான் குனிந்து ஒரு பொருக்கை நகத்தால் பெயர்த்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அரை உள்ளங்கை அகலம். மேலே நாங்கள் குடிவந்தபோது அவர் அடித்துத் தந்த சந்தன நிறம். அதற்கு அடியில் வெளிர் நீலம். அதற்கும் அடியில் சுண்ணாம்பு. பின்பக்கத்தைத் திருப்பினால் மாவு தூவியது போல வெள்ளை உப்பு, விரலில் ஒட்டியது. தொட்டால் ஈரம். அழுக்கு பட்ட சுவர் மேலிருந்து கெடும். இது உள்ளிருந்து கெட்ட சுவர். அந்தச் சுவருக்கு நேர் மேலே மொட்டைமாடியில்தான் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. தொட்டி வழிந்தால் தண்ணீர் போக வழியில்லாமல் அந்த மூலையில் தேங்குகிறது. 2021 ஐப்பசி மழையிலிருந்து ஒவ்வொரு வருடமும் சொல்லியிருக்கிறேன். சொன்னதற்குச் சாட்சியாக அவருக்கு அனுப்பிய படங்களும் தேதியோடு என் கைபேசியில் இருக்கின்றன. "ஓதம் கீழிருந்து வரவில்லை ஐயா, மேலிருந்து இறங்கிக் கீழே தேங்குகிறது. தளத்தைச் சரிசெய்யாமல் எத்தனை தடவை அடித்தாலும் உதிரும்" என்றேன். அவர் பதில் பேசவில்லை. மைத்துனர்தான், "அதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்" என்றார்.

கிளம்புவதற்கு முன் மின்சார மீட்டரின் எண்ணைப் படம் எடுத்தேன். இதை எல்லோரும் செய்ய வேண்டும். நம் ஊரில் மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. இடையில் காலி செய்தால் மீதி நாள்களின் யூனிட் அடுத்த ரசீதில் வரும். இரண்டு குடும்பத்தின் பயன்பாடு ஒரே ரசீதில் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். காலி செய்த அன்றைய எண் கையில் இல்லாவிட்டால் யார் எவ்வளவு எரித்தார்கள் என்று பிரிக்கவே முடியாது.

மூன்றாம் நாள் வீட்டுக்காரரிடமிருந்து கைபேசிக்கு ஒரு துண்டுச் சீட்டின் படம் வந்தது. பெயின்ட் 22,000. குழாய், கழிப்பறைத் தொட்டி 3,500. சன்னல் கண்ணாடி 800. பூட்டு 700. கரன்ட் 1,500. சுத்தம் செய்ய 1,500. ஆக 30,000. அறுபதில் பாதி போயிற்று. மீதிப் பாதி எப்போது என்று கேட்டபோது, "ஆடியில் யாரும் குடிவர மாட்டார்கள் தாயி. ஆவணியில் ஒத்திக்கு விடப்போகிறேன். ஒத்திப் பணம் கைக்கு வந்ததும் தருகிறேன்" என்றார்.

மதுரையில் வீடு பார்க்கிற எல்லோருக்கும் இந்தப் பதில் தெரிந்ததுதான். லட்சக்கணக்கில் மொத்தமாகக் கொடுத்து, வாடகை இல்லாமல் இருந்துவிட்டு, போகும்போது திரும்ப வாங்குகிற ஒத்தியில் இது இன்னும் கொடுமை; அடுத்த ஆள் ஐந்து லட்சம் கொண்டுவந்தால்தான் முந்தைய ஆளின் ஐந்து லட்சம் திரும்பும். நம் அட்வான்ஸை வீட்டுக்காரர்கள் வந்த வருமானமாக நினைத்துச் செலவழித்துவிடுகிறார்கள். இவர் மகளின் பிரசவத்துக்குச் செலவழித்ததாகப் பிறகு சொன்னார். நல்ல செலவுதான். ஆனால் கணக்குப்படி அட்வான்ஸ் அவருக்கு வரவு அல்ல, எனக்குக் கொடுக்க வேண்டிய கடன். முதல் நாளிலிருந்தே அது கடன் பக்கத்தில்தான் நிற்க வேண்டும்.

திருநகர் வீட்டுக்கு அட்வான்ஸ் 50,000. குடிபோகிற அன்றே கொடுக்க வேண்டும். பழைய அட்வான்ஸ் வரும் என்று நம்பி இருந்துவிட்டதால், என் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்தேன். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, அதாவது மாதம் 500 ரூபாய். இந்த வட்டியை யாரும் எனக்குத் திருப்பித் தரவில்லை. தாமதத்துக்கு ஒரு விலை இருக்கிறது என்பதற்காகவே இங்கே எழுதுகிறேன்.

ஒரு மாதம் பொறுத்தேன். காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் ஒன்று இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது. அதன் 11-ஆம் பிரிவு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. குடியிருந்தவர் காலி செய்த ஒரு மாதத்துக்குள், அவர் தர வேண்டிய பாக்கி ஏதும் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆடி, ஆவணி, ஒத்தி எதுவும் அந்தப் பிரிவில் இல்லை. எங்கள் அறுபதாயிரம் எட்டு மாத வாடகை. ஆனால் ஒப்பந்தத்தில் நாங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டதால் அதைப் பற்றிப் பேச வழியில்லை.

ஆகஸ்ட் 14 கடந்தது. 20-ஆம் தேதி கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். இந்த இடத்துக்கு நான் ஐந்துக்கு ஐந்து தருவேன். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச சட்ட உதவி உண்டு. இதை நான் நாற்பத்து மூன்று வயதில்தான் தெரிந்துகொண்டேன். 15100 என்ற எண்ணுக்குப் பேசியும் கேட்கலாம். வராந்தாவில் ஒரு மணி நேரம் காத்திருந்தேன். பிறகு இளம் வயது வழக்கறிஞர் ஒருவர் என் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய பதினோரு மாத ஒப்பந்தம், அட்வான்ஸில் வங்கி வழியாக அனுப்பிய 40,000-க்கான பதிவு, படங்கள், மீட்டர் எண், துண்டுச் சீட்டு.

அவர் சொன்னதில் எனக்குச் சாதகமானதும் இருந்தது, இல்லாததும் இருந்தது. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று பிரித்திருக்கிறார்கள். கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு சன்னலுக்கு வர்ணம் அடிப்பது, மின் கம்பிகள் எல்லாம் வீட்டு உரிமையாளரின் தலையில். குழாய், அதன் வாஷர், கழிப்பறைப் பழுது, சுவிட்சு, பூட்டு, சன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவரின் தலையில். கழிப்பறைத் தொட்டியின் பிடி பழசாகி உடைந்ததால் அது அவர் செலவு என்றுதான் நான் நினைத்திருந்தேன். "அதை நீங்கள் கொடுத்துவிடுங்கள் அக்கா" என்றார் வழக்கறிஞர். சரி என்றேன். இன்னொன்றையும் சொன்னார். ஒப்பந்தம் பதினோரு மாதத்தில் முடிந்துவிட்டது. புதுப்பிக்கவில்லை, இந்தச் சட்டப்படி உள்ள வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யவில்லை. மனு போட்டால் அந்தக் குறையைக் கிளப்புவார்கள். அதனால் முதலில் கணக்கோடு ஒரு கடிதம்.

கடிதத்தை நானே எழுதினேன். வழக்கறிஞர் இரண்டு வரியை அடித்தார். "நம்பிக்கைத் துரோகம்" என்று எழுதியிருந்தேன், அது ஒன்று. மூன்று மாத வாடகைக்குப் பொறுத்த மனிதருக்கு அந்தச் சொல் அதிகம்தான். மிஞ்சிய கடிதம் இப்படி இருந்தது:

"ஐயா, 14.7.2024 அன்று வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்தேன். தங்களிடம் உள்ள என் முன்பணம் 60,000 ரூபாய். அதில் நான் தர வேண்டியவை: உள்ளறையின் ஒரு சுவருக்கு வர்ணம் 1,600, கழிப்பறைத் தொட்டி 1,200, மின் கட்டணம் 1,150, பூட்டு 700, சன்னல் கண்ணாடி 450, குழாய் 380. ஆக 5,480. மீதி 54,520 ரூபாய். ஐந்து ஆண்டு குடியிருந்ததால் சுவர் மங்கியதும், மேல்தளக் கசிவால் பெயின்ட் உதிர்ந்ததும் என் பாக்கி ஆகாது. இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் மீதியைத் தர வேண்டுகிறேன். தராவிட்டால் வாடகைச் சட்டப்படி மனுச் செய்வேன்."

ஒவ்வொரு தொகைக்கும் கடையில் விசாரித்து வாங்கிய விலைச்சீட்டின் நகலை இணைத்தேன். பெயின்டர் ஒருவரை அழைத்துப் படங்களைக் காட்டி உள்ளறைச் சுவருக்கு மட்டும் கூலி கேட்டேன். மேற்குச் சுவர்ப் படத்தைப் பார்த்ததும் அவரே, "தண்ணீரை நிறுத்தாமல் இதில் பிரஷ் வைக்கக் கூடாதும்மா" என்றார். அதையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபால். நான்காம் நாள் அட்டை திரும்பி வந்தது, வீட்டுக்கார அம்மாவின் கையெழுத்தோடு.

அன்று மாலையே வீட்டுக்காரர் பேசினார். கோபம் இல்லை, மனக்குறைதான். "நேரில் வந்து கேட்டிருக்கலாமே தாயி, தபாலில் போட வேண்டுமா?" என்றார். நேரில் மூன்று தடவை வந்து கேட்டதை நினைவுபடுத்தினேன். "ஐந்து வருடம் இருந்திருக்கிறீர்கள், ஒரு பெயின்ட் செலவு உங்களுக்குப் பெரிதா?" என்றார். எத்தனையோ நாளாக மனதில் உருண்ட பதிலை அப்போது சொன்னேன்: "ஐந்து வருடத்தில் நான்கரை லட்சத்துக்கு மேல் வாடகை கொடுத்திருக்கிறேன் ஐயா. இருந்தால் சுவர் பழசாகும். பழசாவதற்கும் சேர்த்துத்தான் அந்த வாடகை. அதை மறுபடி அட்வான்ஸிலும் எடுத்தால் ஒரே பொருளுக்கு இரண்டு ரசீது ஆகிவிடுகிறது." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சீட்டுப் பணம் எடுத்துத் தருகிறேன்" என்றார்.

ஆகஸ்ட் 30 அன்று 25,000 வங்கிக்கு வந்தது. செப்டம்பர் 12 அன்று மீதி 29,520. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காலி செய்த அறுபதாம் நாள். பழைய முத்திரைத்தாளின் பின்பக்கம் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தரச் சொன்னார். கழித்த தொகைகளையும் பெற்ற தொகைகளையும் தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரையும் போட வைத்தேன். வீட்டுக்கார அம்மா காபி கொடுத்தார். குடித்துவிட்டுத்தான் வந்தேன். அடுத்த நாள் சங்கிலியை மீட்டேன்.

திருநகர் வீட்டில் குடிபுகுந்த அன்றைக்கே எல்லாச் சுவரையும், எல்லாக் குழாயையும், மீட்டரையும் படம் எடுத்து, புது வீட்டுக்காரருக்கு அனுப்பி, "பார்த்தேன்" என்று பதிலும் வாங்கி வைத்திருக்கிறேன். ஒப்பந்தத்தையும் இந்த முறை பதிவு செய்திருக்கிறோம். வெள்ளையடிப்பது யார் செலவு என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னபோது அவர் முகம் சுளிக்கவில்லை. அவரும் எங்கோ வாடகைக்கு இருந்தவராம்.

விளாங்குடி வீட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: காற்றும் வெளிச்சமும் உள்ள வீடு, வாடகைக்கு என்றால் தயங்காமல் போகலாம். ஒத்திக்கு என்றால், உங்கள் பணம் திரும்ப வேண்டிய நாள் எது என்று தேதியாக எழுதி வாங்காமல் கொடுக்காதீர்கள். படுக்கையறையின் மேற்குச் சுவரைப் புதிதாக அடித்திருக்கிறார்களாம். மொட்டைமாடிக்கு ஏறித் தொட்டி மூலையில் தண்ணீர் போக வழி விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். விடவில்லை என்றால் ஐப்பசி முதல் மழைக்குப் பிறகு ஒரு தடவை போய், அந்தச் சுவரில் இடுப்புயரத்துக்குக் கீழே உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு முன்பணத்தைப் பேசுங்கள்.